ரீட்மீ மட்டும் போதாது: ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்டுக்கு டாக்ஸ் எழுத ஆரம்பிக்கிறது எப்படி

பழைய பாமினி, திஸ்கி ஃபான்ட்ல டைப் பண்ணின ஃபைலை யூனிகோடுக்கு மாத்துற சின்ன பைத்தான் டூல் ஒண்ணு எழுதி, கோட் பகிர்ற தளமான கிட்ஹப்ல போட்டேன். ரீட்மீல (ப்ராஜெக்ட்ட திறந்ததும் கண்ணுல படுற அறிமுக ஃபைல்) ஒரே ஒரு வரி. முதல்ல வந்த இஷ்யூ (குறையோ கேள்வியோ மத்தவங்க அங்க பதியுறது) பக் ரிப்போர்ட்டே இல்ல, "ஃபைலை எங்க குடுக்கணும்?"னு ஒரு கேள்வி. ரோஷம் வந்து ரீட்மீயை அனுமார் வாலா நீட்டினேன், அப்பவும் அதே கேள்விதான் வந்துச்சு, ஏன்னா பதில் உள்ள எங்கயோ இருக்கு, ஆனா அதுவரைக்கும் யாரும் ஸ்க்ரோல் பண்ணல.

இது என் ஒருத்தன் கதை மட்டும் இல்ல. 2017ல கிட்ஹப் எடுத்த ஓப்பன் சோர்ஸ் சர்வேல 93 சதவீதம் பேர் அரைகுறையான இல்ல பழசாப்போன டாக்ஸ், அதாவது டாக்குமென்டேஷன், ஒரு பிரச்சினையா இருக்கிறத பாத்திருக்கோம்னு சொல்லியிருக்காங்க. சரி, வேலைக்கு வருவோம்.

முதல்ல எழுதாதீங்க, கேள்விய சேருங்க

ஒரு காலி ஃபைல் திறந்து இதுவரை இஷ்யூல, சாட்ல, நேர்ல உங்ககிட்ட கேட்ட கேள்வி எல்லாத்தையும் கேட்டவங்க வார்த்தையிலயே போடுங்க. நீங்களா திருத்தி அழகாக்க வேணாம், அவங்க என்ன வார்த்தை போட்டு தேடுறாங்கன்னு தெரியணும். புது ப்ராஜெக்ட்னா உங்களுக்கே மூணு மாசம் கழிச்சு மறந்துபோகப்போற விஷயத்த எழுதுங்க.

நாலு குவியலா பிரிங்க

டேனியேல் ப்ரோசிடாங்கிறவர் முன்வெச்ச டையாடாக்சிஸ்னு ஒரு முறை இருக்கு. டுடோரியல், ஹவ்-டு, ரெஃபரன்ஸ், விளக்கம்னு டாக்ஸ் நாலு வகை, ஒண்ணோட ஒண்ண கலக்கக்கூடாதுன்னு சொல்லுது. பைத்தான்ல வெப்சைட் கட்ட உதவுற ஜாங்கோவோட டாக்ஸ் கிட்டத்தட்ட இப்படித்தான் பிரிச்சிருக்கும், ஒரு தடவை போய் பாருங்க.

என் டூலை வெச்சே சொல்றேன். டுடோரியல்னா நானே ஒரு சாம்பிள் ஃபைல் குடுத்து, இந்த கமாண்ட அடிங்க, இப்படி அவுட்புட் வரும், அவ்ளோதான். "வேணும்னா இப்படியும் செய்யலாம்"ங்கிற பேச்சே அதுல வரக்கூடாது. ஹவ்-டுன்னா ஒரு ஃபோல்டர்ல இருக்குற 200 ஃபைலையும் ஒரே அடியில மாத்துறது எப்படி. ரெஃபரன்ஸ்ல ஒவ்வொரு ஆப்ஷனும் அதோட டீஃபால்ட்டும், வேற கதை வேணாம்.

நாலாவதான விளக்கத்ததான் பலர் விட்டுடுறது. நெட்ல சில இடத்துல "வெளியே"ங்கிறது "வௌியே"ன்னு உடைஞ்சு கிடக்கும், பாத்திருப்பீங்க. பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல ஔகார வால் பாக்க ள மாதிரியே இருக்கிறதால ரெண்டுக்கும் ஒரே கீ, அதனால ஒற்றைக்கொம்பு, வ, ள வரிசையா வந்தா அது வௌவாலோட வௌவா, வெளியோட வெளவான்னு கன்வர்ட்டர் ஊகிக்கத்தான் வேணும். இத நான் விளக்கம்ங்கிற பக்கத்துல எழுதி வெச்ச பிறகு, "உங்க டூல் தப்பு"ன்னு வந்துட்டிருந்த இஷ்யூ போய், இந்த வார்த்தையையும் விதிவிலக்குல சேருங்கன்னு திருத்தின கோடோட (பேட்ச்) வர ஆரம்பிச்சாங்க.

எது எங்க இருக்கணும்

ரீட்மீ ஒரு ஸ்க்ரீனுக்கு மேல போக வேணாம். இது என்ன, யாருக்கு, இன்ஸ்டால் பண்ண ரெண்டு வரி, மீதிக்கு லிங்க். பங்களிக்கிறது எப்படின்னு சொல்ற காண்ட்ரிபியூட்டிங் ஃபைல் தனியா வைங்க, புதுசா இஷ்யூ திறக்கிறவங்களுக்கு கிட்ஹப்பே அந்த லிங்க்க காட்டும். லைசென்ஸும் மறக்காம. மத்ததெல்லாம் டாக்ஸ்னு ஒரு ஃபோல்டர்ல, கோட் இருக்குற அதே ரெப்போல (ப்ராஜெக்ட் ஃபைலெல்லாம் இருக்குற இடம்). கிட்ஹப் விக்கி வேணாம்னு சொல்வேன், அது தனி ரெப்போ, கோட் மாத்தத்த சேத்துக்கச் சொல்லி அனுப்புற புல் ரெக்வெஸ்ட்லயே அதையும் சேத்து மாத்த முடியாது.

டாக்ஸ சைட்டா காட்ட எம்கேடாக்ஸ்ங்கிற டூல் போதும். இன்ஸ்டால் பண்ணிட்டு நியூ கமாண்ட் குடுத்தா டாக்ஸ் ஃபோல்டரும் செட்டிங்ஸுக்கு ஒரு யாம்ல் ஃபைலும் வந்துடும், சர்வ் குடுத்தா உங்க மெஷின்லயே 8000 போர்ட்ல பக்கம் திறக்கும், எழுத எழுத தானா மாறும். பில்டை எப்பவும் ஸ்ட்ரிக்ட் ஆப்ஷனோட ஓட்டுங்க, இல்லாத பக்கத்துக்கு லிங்க் குடுத்திருந்தா அங்கயே நின்னுடும். பைத்தான் கோட்டுக்குள்ளயே எழுதி வெக்கிற விளக்கமான டாக்ஸ்ட்ரிங்க்ல இருந்து ரெஃபரன்ஸ் எடுக்கணும்னா ஸ்ஃபிங்க்ஸ் பாருங்க, பைத்தானோட சொந்த டாக்ஸே அதுலதான் ஓடுது. ஆரம்பத்துலயே இது நல்லதா அது நல்லதான்னு ரெண்டு வாரம் ஓட்டாதீங்க (நான் ஓட்டினேன்).

தெரியாத ஒருத்தர உக்கார வைங்க

இந்த ஸ்டெப்ப மட்டும் தாண்டாதீங்க. டூலை பாக்காத ஒருத்தர்கிட்ட லேப்டாப்ப குடுத்து, டுடோரியல் பாத்து செய்யச் சொல்லி, பக்கத்துல வாயை மூடிட்டு உக்காருங்க. என் ஃப்ரெண்ட் ரெண்டாவது வரியிலயே நின்னுட்டான். புது உபுண்டு, 23.04ல இருந்து, பைத்தான் பேக்கேஜ் இன்ஸ்டால் பண்ற பிப் நேரடியா சிஸ்டம் பைத்தான்ல இன்ஸ்டால் பண்ண விடாது, வர்ச்சுவல் என்விரான்மென்ட் (ப்ராஜெக்ட்டுக்குன்னு தனியா ஒரு பைத்தான் இடம்) வேணும். என் மெஷின்ல எப்பவோ அது இருந்ததால எனக்கு அந்த எரர் வந்ததே இல்ல. "டேய் அதுல..."ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொல்லல, குறிச்சு வெச்சேன், அன்னிக்கு ராத்திரியே டுடோரியல்ல மூணு வரி சேத்தேன்.

பழசாகாம பாத்துக்க

புல் ரெக்வெஸ்ட் டெம்ப்ளேட்ல "டாக்ஸ் மாத்தணுமா? மாத்தியாச்சா?"ன்னு ஒரு வரி போட்டுடுங்க. ஆப்ஷன் பேரு மாறுது, ரெஃபரன்ஸ் மாறலன்னா மெர்ஜ் (மெயின் கோட்ல சேக்கிறது) இல்ல, நீங்களே அனுப்பினதா இருந்தாலும்.

இன்னமும் எனக்கு வாரத்துக்கு ஒண்ணாவது "ஃபைலை எங்க குடுக்கணும்?" வரத்தான் செய்யுது. இப்ப லிங்க் மட்டும் குடுக்கிறேன். அந்த லிங்க்க நானே தேடி எடுக்க பத்து செகண்டுக்கு மேல ஆச்சுன்னா, கேட்டவர் இஷ்யூவ மூடிட்டு மெனுவ சரி பண்ணணும்னு என் பேர்ல ஒண்ணு திறந்துக்கிறேன்.