127 வரை சரி, 128-ல் தவறு

வேலைக்கான கோடிங் சுற்றில் அடிக்கடி வரும் கேள்விதான்: நீண்ட சரம் (எழுத்துகளின் தொடர்) ஒன்றில், கொடுத்த எழுத்துகள் அத்தனையும் அடங்கிய மிகச் சிறிய பகுதியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஜாவா நிரல்மொழியில் எழுதினேன். மாதிரி உள்ளீடுகள் எல்லாம் தேறின. மிக நீளமான கடைசி உள்ளீட்டுக்கு மட்டும் வெற்று விடை.

தொடக்க, முடிவு எல்லைகளைச் சரிபார்த்தேன். லூப்பை மாற்றி எழுதினேன். நேர வரம்பாக இருக்கும் என்றார் நண்பர். அப்படியானால் வேறு செய்தியல்லவா வந்திருக்கும்!

அலுத்துப்போய், சரத்திலும் தேடும் எழுத்துகளிலும் ஒரே எழுத்தை வரிசையாக அடுக்கிச் சோதித்தேன். 127 எழுத்து வரை சரியான விடை. 128 ஆனதும் விடை காணாமல் போனது. எண்ணைப் பார்த்ததும் பிடிபட்டுவிட்டது. எந்த எழுத்து எத்தனை முறை தேவை, எத்தனை முறை கிடைத்தது என்று குறித்துவைக்கும் இரண்டு ஹேஷ்மேப்களிலிருந்து (அட்டவணைகள்) எடுத்த எண்ணிக்கைகளை == கொண்டு ஒப்பிடும் வரிதான் சிக்கல். அவை வெறும் எண்கள் அல்ல, எண்ணை உள்ளே வைத்திருக்கும் இன்டிஜர் ஆப்ஜெக்டுகள். இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா என்றுதான் == பார்க்கும். -128 முதல் 127 வரை ஒவ்வோர் எண்ணுக்கும் ஜாவா ஒரே ஆப்ஜெக்டையே திரும்பத் தருகிறது. அதற்கு மேல் பொதுவாகப் புதிதாக உருவாக்குகிறது. மதிப்பு ஒன்றாக இருந்தாலும் ஆப்ஜெக்ட் வேறு என்பதால் == பொய் என்கிறது. மாதிரி உள்ளீடுகள் சிறியவை என்பதால் இது வெளியே தெரிவதே இல்லை.

அந்த வரியில் மதிப்பை ஒப்பிடும் ஈக்வல்ஸ் போட்டேன், எல்லாம் தேறின. எண்ணிக்கையை வெறும் எண்ணாக வைக்கும் ‘இன்ட்’ மாறியில் எடுத்துவைத்து ஒப்பிட்டாலும் போதும்.