சானிடைசரில் பெராக்சைடு எவ்வளவு? அயோடின் முறையில் அளக்கலாம்

உலக சுகாதார நிறுவனத்தின் கைத்தேய்ப்புக் கலவையில் 80% எத்தனாலுடன் 0.125% ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டு. அந்தப் பெராக்சைடைப் பெர்மாங்கனேட்டால் (ஊதா நிற ஆக்சிஜனேற்றி) அளக்காதீர்கள். ஆல்கஹாலும் கிளிசராலும் பெர்மாங்கனேட்டைத் தின்னும். இளஞ்சிவப்பு நிற்காமல் மங்கிக்கொண்டே போகும், அளவும் கூடுதலாக வரும்.

மூடியுள்ள 250 மி.லி. கூம்புக் குடுவையில் முதலில் 100 மி.லி. காய்ச்சி வடித்த நீர். அதில் 10 மி.லி. மாதிரியைப் பிப்பெட்டால் விடுங்கள். ஆல்கஹால் பிப்பெட் நுனியிலிருந்து தானாகவே சொட்டும், அதனால் குடுவையைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 10% கந்தக அமிலம் 20 மி.லி., 10% பொட்டாசியம் அயோடைடு 10 மி.லி., 3% அம்மோனியம் மாலிப்டேட் மூன்று சொட்டு. மூடி, இருட்டில் 5 நிமிடம் வையுங்கள். பெராக்சைடு அயோடைடிலிருந்து பழுப்பு நிற அயோடினை வெளியேற்றும்; அந்த அயோடினைத்தான் அளக்கப்போகிறோம். மாலிப்டேட்டை விட்டுவிட்டால் வினை மெதுவாகத்தான் நடக்கும்.

இனி 0.1 நார்மல் (செறிவின் அலகு) சோடியம் தயோசல்பேட்டைப் பியூரெட்டிலிருந்து விட்டு, அயோடின் தீர எவ்வளவு செலவாகிறது என்று தரம் பாருங்கள். பழுப்பு நிறம் வெளிறி வைக்கோல் மஞ்சளாகும்வரை ஸ்டார்ச்சைத் தொடாதீர்கள். பிறகு 1% ஸ்டார்ச் 2 மி.லி. விட்டு, நீலம் மறையும்வரை சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். நீர் சேர்க்காமல் மாதிரியிலேயே நேராக ஸ்டார்ச்சை விட்டால் அது வெள்ளையாகத் திரிந்துவிடும், நீலம் வராது. ஆல்கஹால் மிகுந்தால் ஸ்டார்ச் கரைசலில் நிற்காது. அயோடினும் அதோடு சேராது. மேலே சொன்ன 100 மி.லி. நீர் அதற்காகத்தான்: குடுவையில் ஆல்கஹால் சுமார் 6 சதவீதமாகக் குறைந்துவிடும். அமிலமும் கட்டாயம். காரத்தில் அயோடின் எத்தனாலோடு வினைபுரிந்து அயோடோஃபார்ம் ஆகிவிடும், அளவு குறைத்துக் காட்டும்.

மாதிரிக்குப் பதில் பெராக்சைடு சேர்க்காத அதே ஆல்கஹாலை வைத்து ஒரு வெற்றுச் சோதனையும் செய்யுங்கள். சானிடைசர் எத்தனாலுக்குப் பதில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் செய்ததென்றால், நாள்பட்ட அந்த ஆல்கஹாலில் பெராக்சைடு தானாகவே உருவாகியிருக்கலாம். தண்ணீரை வைத்துச் செய்தால் அது தெரியாது.

கணக்கு (தயோசல்பேட் மி.லி.யில்): (மாதிரிக்குச் செலவானது − வெற்றுக்குச் செலவானது) × நார்மாலிட்டி × 0.17 = 100 மி.லி. மாதிரியில் பெராக்சைடு கிராம். 7.40 செலவாகி, வெற்று 0.05 என்றால் 7.35 × 0.1 × 0.17 = 0.125.

நீலம் அரை நிமிடம் கழித்துத் திரும்பினால் அது காற்றின் ஆக்சிஜன் வேலை, விட்டுவிடுங்கள். உடனே திரும்பினால் வினை முடியவில்லை. புது மாதிரியில் காத்திருப்பை 10 நிமிடமாக்குங்கள்.

பெராக்சைடு சோதனைத் தாள் பட்டை தோராயத்துக்கு மட்டுமே. அதற்கும் மாதிரியை நீரில் 20 மடங்கு நீர்த்துக்கொள்ளுங்கள்; இல்லையேல் நிறம் உச்சத்தில் போய் நின்றுவிடும்.

தயோசல்பேட் கரைசலைக் கொதித்து ஆறிய நீரில் தயாரித்து, பொட்டாசியம் அயோடேட்டால் தரப்படுத்திக்கொள்ளுங்கள். புட்டியில் எழுதிய நார்மாலிட்டியை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மாதிரி எளிதில் தீப்பற்றும், பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது.