கூலிங் கிளாஸ் கடலின் கூச்சத்தை மறைக்கிறது, கண்ணாடியில் ஏன் மறைப்பதில்லை?

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் தங்கை கேட்டாள்: “அண்ணா, டச்பேயில கடல் கண்ணக் கூசுறத இந்தக் கூலிங் கிளாஸ் மறைக்குது. முகம் பாக்கிற கண்ணாடியில ஏன் மறைக்குதில்ல?” அருமையான கேள்வி. விடையை நாமே செய்து பார்க்கலாம்.

தேவையானவை: போலரைஸ்ட் கூலிங் கிளாஸ் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது), பழைய கல்குலேட்டர், முகம் பார்க்கும் கண்ணாடி (இனி ஆடி என்கிறேன்), பளபளப்பான எவர்சில்வர் தட்டு.

ஒளியின் மின்புலம் ஒரே தளத்தில் அதிர்ந்தால் அது தளமுனைவாக்கிய ஒளி. கல்குலேட்டர் திரையிலிருந்து வருவது அதுதான்.

படி 1: கிளாஸைத் திரைக்கு முன்னால் மெல்லச் சுழற்றுங்கள். ஓரிடத்தில் திரை கறுத்துவிடும். கறுக்காவிட்டால் வேறு கிளாஸ் தேடுங்கள். மேற்கொண்டு செய்வதில் பயனில்லை.

படி 2: திரையை ஆடிக்கு நேரே பிடித்து, விம்பத்தைக் கிளாஸினூடாகப் பாருங்கள். அதுவும் கறுக்கும். முன்பு கிளாஸை இடப்பக்கம் சரித்திருந்தால் இப்போது வலப்பக்கம் சரிக்க வேண்டும். அதிர்வின் சாய்வு இடம்வலம் மாறியிருக்கிறது, முனைவாக்கம் அழியவில்லை. ஆடியின் உலோகப் பூச்சு எல்லாத் திசை அதிர்வுகளையும் ஏறக்குறைய சமமாகவே தெறிக்க விடுகிறது.

படி 3: திரையின் ஒளி தட்டை உரசியபடி தெறித்து உங்கள் கண்ணுக்கு வரட்டும். கிளாஸை எப்படிச் சுழற்றினாலும் முழுதாகக் கறுக்காத நிலை வரும்வரை கல்குலேட்டரைத் திருப்புங்கள். உலோகத்தில் சரிவாகப் படும்போது ஓர் அதிர்வுக் கூறு மற்றதைவிடப் பிந்துகிறது. நேர்கோட்டு அதிர்வு நீள்வட்டமாகிறது. பொறுமையாகச் செய்யுங்கள், எனக்கு மிகவும் பிடித்த படி இது.

படி 4: இனிக் கடற்கரை. முகில் மூடிய, அலை அடங்கிய நாள் நல்லது. சூரியனின் விம்பத்தைப் பார்க்காதீர்கள். கண் நீரிலிருந்து 5 அடி உயரத்தில் இருந்தால், ஏறக்குறைய ஆறரை அடி தள்ளியுள்ள நீரைப் பாருங்கள். படுகோணம் (நீர்ப்பரப்புக்குச் செங்குத்தான கோட்டுடன் கதிர் ஆக்கும் கோணம்) 53° ஆகும். அங்கே தெறித்த கதிரும் முறிந்த கதிரும் செங்குத்தாகின்றன. நீரின் இலத்திரன்கள் தாம் அதிரும் திசையில் ஒளியை அனுப்பா. ஆகவே தெறித்து வருவது கிடை அதிர்வு மட்டுமே. நிலைக்குத்து அதிர்வை மட்டும் விடும் கிளாஸ் அதைத் தடுக்க, அடியிலுள்ள மணல் தெரியும். தலையைப் பக்கவாட்டில் நன்றாகச் சரியுங்கள்: கூச்சம் திரும்பிவிடும். ஆடியோ எல்லாத் திசை அதிர்வுகளையும் அனுப்புவதால் அங்கே கிளாஸால் கூச்சத்தை மறைக்க முடிவதில்லை.

மழையென்றால் யன்னல் கண்ணாடியில் செய்யுங்கள், அதற்குக் கோணம் 56°. 1808 இல் பிரெஞ்சு பௌதிகவியலாளர் மலுஸ் இதைக் கண்டதும் பரிசில் லக்சம்பேர்க் மாளிகையின் யன்னல்களில் தெறித்த வெயிலில்தான்.