ஓவன் இல்லாமல் ஹாலோவீன் மம்மி உருண்டை

ஹாலோவீன் பார்ட்டிக்கு என்ன செய்யலாம் என்று தேடினால் கிடைப்பதில் பாதி, படத்தில் மட்டும்தான் அழகாக இருக்கும். வீட்டில் செய்து பார்த்தால் பேய்க்குப் பதிலாக வேறு ஏதோ வந்து உட்கார்ந்திருக்கும். மம்மி உருண்டை அந்த ரகம் இல்லை. கிரீம் வைத்த சாக்லேட் பிஸ்கட்டைப் பொடித்து, கிரீம் சீஸோடு பிசைந்து, உருட்டி, ஒயிட் சாக்லேட்டில் முக்கி எடுத்து, மேலே கட்டுத்துணி போலக் கோடு இழுத்து இரண்டு கண்ணை வைத்தால் மம்மி தயார். அடுப்புக்கு வேலை சாக்லேட் உருக்க மட்டும்தான், மைக்ரோவேவ் இருந்தால் அதுவும் கிடையாது.

பேய், பூசணிக்காய், சிலந்தி என்று எத்தனையோ உருவம் இருக்க ஏன் மம்மி என்றால், தப்பை மறைக்க இதைவிட வசதியான உருவம் வேறு இல்லை. மேல்பூச்சு வெடித்தாலும், மேடு பள்ளமாக வந்தாலும், ஒரு பக்கம் பிஸ்கட் தூள் எட்டிப் பார்த்தாலும் அதன் மேல் ஒரு கோடு இழுத்துவிடலாம். கோடுகள் எவ்வளவு தாறுமாறாகப் போகிறதோ அவ்வளவு நன்றாக இருக்கும். பேய் உருண்டைக்கு வழவழப்பான வெள்ளைப் பூச்சு வேண்டும், அது கைப்பழக்கம் உள்ளவர்களுக்கே சில நேரம் அடம் பிடிக்கும்.

அளவு எளிது. சாக்லேட் சாண்ட்விச் பிஸ்கட் 36, அதாவது ஓரியோ மாதிரியான பிஸ்கட் சுமார் 400 கிராம். கிரீம் சீஸ் 225 கிராம். மேலே பூச ஒயிட் சாக்லேட் 400 முதல் 450 கிராம். கண்ணுக்குக் குட்டி சாக்கோ சிப்ஸ் ஒரு கைப்பிடி, அல்லது கடையில் விற்கும் சர்க்கரைக் கண்கள். இதில் சுமார் 40 உருண்டை வரும். சின்ன பார்ட்டி என்றால் எல்லாவற்றையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள், விகிதம் மாறாமல் இருந்தால் போதும்.

பிஸ்கட்டை நடுவில் இருக்கும் கிரீமோடு சேர்த்தே பொடிக்க வேண்டும், சுரண்டி எடுக்கத் தேவையில்லை. மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். மிக்ஸி இல்லையென்றால் ஜிப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி, சப்பாத்திக் கட்டையால் தட்டி உருட்டலாம், குழந்தைகளிடம் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வார்கள். எப்படிச் செய்தாலும் தூள் நைசாக இருக்க வேண்டும். பெரிய துண்டு ஒன்று உள்ளே கிடந்தால் அந்த இடத்தில் உருண்டை விரியும், அப்புறம் பூச்சும் அங்கேதான் வெடிக்கும்.

கிரீம் சீஸை ஃப்ரிட்ஜிலிருந்து முன்கூட்டியே எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். குளிராக இருந்தால் தூளோடு கலக்காமல் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். மெத்தென்று ஆனதும் தூளில் போட்டு, வெள்ளை கண்ணில் படாத வரை கையாலேயே பிசையுங்கள். முடிவில் பளபளப்பான கறுப்பு மாவு ஒன்று கையில் இருக்கும். கொஞ்சம் ஒட்டும், பரவாயில்லை, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகிவிடும். பிஸ்கட்டிலும் சாக்லேட்டிலும் சர்க்கரை ஏராளமாக இருப்பதால் மாவில் தனியாகச் சேர்க்க வேண்டாம். ஒரு சிட்டிகை உப்பு போட்டால் திகட்டல் குறையும்.

கிரீம் சீஸ் கிடைக்கவில்லையா? கண்டென்ஸ்டு மில்க் நன்றாகவே பிடித்துக்கொள்ளும். ஆனால் அளவு பார்த்து மொத்தமாக ஊற்றிவிடாதீர்கள். நாலு மேசைக்கரண்டியில் ஆரம்பித்து, கையில் அழுத்தினால் பிடி நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் சேருங்கள். இதில் கிரீம் சீஸின் மெல்லிய புளிப்பு இருக்காது, இனிப்பு தூக்கலாக இருக்கும், அதனால் உருண்டையைச் சின்னதாகப் பிடிப்பது நல்லது.

பெரிய நெல்லிக்காய் அளவுக்கு உருட்டுங்கள். எடை பார்க்க முடிந்தால் ஒன்று 15 கிராம். பெரிதாகப் பிடிக்க ஆசை வரும், ஆனால் முக்கி எடுக்கும்போது கனம் தாங்காமல் முள்கரண்டியிலிருந்து நழுவும், சாப்பிடுகிறவர்களுக்கும் பாதியில் திகட்டிவிடும். உருட்டியதைப் பட்டர் பேப்பர் விரித்த தட்டில் அடுக்கி மறுபடியும் ஃப்ரிட்ஜில் 30 நிமிடம்.

இதுவரை செய்ததில் யாரும் பெரிதாகக் கோட்டை விட வழியில்லை. இந்தப் பலகாரத்தின் சூட்சுமம் எல்லாம் இனிமேல்தான், உருண்டை எவ்வளவு குளிர்ச்சி, சாக்லேட் எவ்வளவு சூடு என்பதில் இருக்கிறது. உருண்டை ஃப்ரீசரில் கல்லாகிக் கிடந்தால், சூடான சாக்லேட் பட்டவுடன் சட்டென்று இறுகிவிடும். அப்புறம் உள்ளே இருப்பது மெல்ல அறை வெப்பத்துக்கு வரும்போது கொஞ்சம் விரியும், வெளியே இறுகிய ஓடு விரியாது, முடி போல ஒரு விரிசல் ஓடி அதன் வழியே கறுப்புப் பசை கசியும். மாறாக உருண்டை குளிர்ச்சியே இல்லாமல் இருந்தால் சாக்லேட்டிலேயே உருகி, வெள்ளைக் கிண்ணம் முழுக்கக் கறுப்புத் தூளாக மிதக்கும். தொட்டால் உறுதியாக, குளுகுளுவென்று, ஆனால் விரலால் அழுத்தினால் லேசாக அமுங்கும் நிலைதான் சரி. ஃப்ரீசரில் வைத்திருந்தால் முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜுக்கு இறக்கிவிடுங்கள்.

சாக்லேட் விஷயத்தில் முதலில் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். கோகோ பட்டர் உள்ள அசல் ஒயிட் சாக்லேட் ருசியாக இருக்கும், ஆனால் பக்குவமாகச் சூடேற்றி ஆறவைத்து டெம்பர் செய்யாவிட்டால் மங்கலாக, கையில் ஒட்டுகிற மாதிரி இறுகும். காம்பவுண்ட் சாக்லேட்டிலும் கேண்டி மெல்ட்ஸிலும் கோகோ பட்டருக்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருப்பதால் உருக்கினால் போதும், தானாகவே இறுகிப் பளபளக்கும். ருசியில் ஒரு படி கீழேதான், மறுக்கவில்லை. ஆனால் பார்ட்டிக்கு 40 உருண்டை செய்யும் அன்று நான் காம்பவுண்டைத்தான் எடுப்பேன். உள்ளே இருக்கும் பிஸ்கட் ருசி அதை ஈடுகட்டிவிடும்.

ஒயிட் சாக்லேட் சீக்கிரம் கருகும், அதனால் அவசரம் ஆகாது. மைக்ரோவேவில் பாதி பவரில் 30 விநாடி, எடுத்துக் கிளறல், மறுபடி 30 விநாடி, இப்படியே போக வேண்டும். இன்னும் சில கட்டிகள் தெரியும்போதே நிறுத்திவிட்டுக் கிளறிக்கொண்டே இருந்தால் மிச்சம் தானே கரைந்துவிடும். அடுப்பில் என்றால், பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீரைச் சூடாக்கி, அதைவிட அகலமான கிண்ணத்தை மேலே உட்கார வைத்து உருக்குங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது, ஆவியும் ஓரத்தில் ஏறி உள்ளே விழக்கூடாது. சாக்லேட்டுக்கு எதிரி சூடு மட்டும் இல்லை, தண்ணீரும்தான். ஈரக் கரண்டியில் ஒட்டியிருக்கும் நாலு சொட்டு போதும், சர்க்கரையும் பால் தூளும் அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மொத்தமும் கட்டிதட்டிப் போகும். அப்படி ஆனதை மேல்பூச்சுக்கு மீட்க முடியாது, சூடான பாலோ கிரீமோ ஊற்றிக் கலக்கி, பழம் தொட்டுச் சாப்பிடும் சாஸாக மாற்றிக்கொள்ளலாம்.

உருகியது கெட்டியாக இருந்தால் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயோ வாசனை இல்லாத வேறு எண்ணெயோ விடுங்கள். வெண்ணெய் வேண்டாம், அதில் தண்ணீர் இருக்கிறது. நிறம் சேர்ப்பதற்கும் இதே விதிதான். கேக் ஐசிங்குக்கு வாங்கிய திரவ நிறமும் ஜெல் நிறமும் பெரும்பாலும் தண்ணீரில் கரைத்தவை, சாக்லேட்டில் விட்டால் அதே கதை. எண்ணெயில் கரையும் நிறம், இல்லாவிட்டால் தூள் நிறம்.

முக்குவதற்கு முன் ஒரு சொட்டை எடுத்துக் கீழுதட்டில் வைத்துப் பாருங்கள். சுள்ளென்று சுடக்கூடாது, வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். மொத்தத்தையும் ஒரே தடவையில் உருக்காமல், ஆழமான சின்னக் கிண்ணத்தில் பாதிப் பாதியாக உருக்கினால் தூள் விழுந்தாலும் மொத்தமும் பாழாகாது. உருண்டைகளையும் ஏழெட்டாகத்தான் ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுங்கள்.

உருண்டையைப் போட்டு, கரண்டியால் மேலே சாக்லேட்டை அள்ளி ஊற்றி, அடியில் முள்கரண்டியைக் கொடுத்துத் தூக்குங்கள். குத்தக்கூடாது. தூக்கியதும் முள்கரண்டியின் காம்பைக் கிண்ணத்தின் விளிம்பில் டக் டக்கென்று தட்ட, அதிகப்படி சாக்லேட் பல்லிடுக்கு வழியாக வழிந்து, பூச்சு மெலிசாகி உருண்டையோடு ஒட்டிக்கொள்வது கண்ணுக்குத் தெரியும். அடியை விளிம்பில் ஒரு இழு இழுத்துவிட்டு, பட்டர் பேப்பரில் டூத்பிக்கால் தள்ளி இறக்குங்கள். இறக்கிய பிறகு அடியைச் சுற்றிக் குளம் கட்டினால் தட்டியது போதவில்லை அல்லது சாக்லேட் இன்னும் சூடு. கொஞ்சம் ஆறவிட்டு அடுத்ததை முக்குங்கள்.

பூச்சு இறுகியதும் கண். பலர் கோடு போட்டுவிட்டுக் கண்ணை மேலே ஒட்டுவார்கள், நான் கண்ணை முதலில் வைக்கச் சொல்வேன். உருகிய சாக்லேட்டில் இரண்டு சின்னப் பொட்டு வைத்து, குட்டி சாக்கோ சிப்ஸைக் கூர்முனை உள்ளே போகும்படி அழுத்துங்கள். அப்புறம் மிச்ச சாக்லேட்டை ஜிப் பையில் ஊற்றி, மூலையில் துளியூண்டு வெட்டி, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கையை நிறுத்தாமல் வீசி வீசிக் கோடு இழுங்கள். ஒரு கோடு கண்ணின் மேல் விளிம்பை லேசாக மூடிக்கொண்டு போனால், துணிக்குள்ளிருந்து யாரோ திருட்டுத்தனமாக எட்டிப் பார்ப்பது மாதிரி ஆகிவிடும். கோடு கண்ணுக்கு மேலே தள்ளிப் போனால் அதே மம்மி திருதிருவென்று முழிக்கும். ஒரு கண்ணைப் பெரிதாகவும் ஒன்றைச் சின்னதாகவும் வையுங்கள், பார்க்கிறவர்கள் முதலில் அதைத்தான் கையில் எடுப்பார்கள்.

எகிப்து மம்மிக்கும், அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கம் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்ததில் வேர் உள்ள ஹாலோவீனுக்கும் என்ன உறவு என்று கேட்டால், நேரடியாக ஒன்றும் இல்லை. 1922-இல் எகிப்து மன்னன் துட்டன்காமனின் கல்லறை கண்டுபிடிக்கப்பட்டு, சாபம் கீபம் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளியதில் மம்மியும் பயமுறுத்துகிறவர்கள் வரிசையில் நன்றாக இடம் பிடித்துக்கொண்டது.

சிலந்தி கேட்கும் குழந்தை ஒன்று எப்படியும் இருக்கும். அதே உருண்டையை டார்க் சாக்லேட்டில் முக்கி, பிரெட்ஸல் என்ற மொறுமொறு உப்பு பிஸ்கட்டின் மெலிந்த குச்சியை உடைத்து பக்கத்துக்கு நாலாக எட்டுக் காலைப் பூச்சு இறுகுவதற்குள் செருகினால் சிலந்தி. ஆனால் குச்சி ஃப்ரிட்ஜ் ஈரத்தில் நமுத்துப் போகும், அதனால் கால் மட்டும் பார்ட்டி நாளில்தான். முதல் நாளே முக்கி வைப்பதாக இருந்தால் பூச்சில் டூத்பிக்கால் துளை போட்டு வைத்துவிடுங்கள்.

மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்தால் நாலைந்து நாள் தாங்கும். பூசாத உருண்டையை ஃப்ரீசரில் ஒரு மாதம் வரை வைக்கலாம். பரிமாறும் அன்று டப்பாவை வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். கால் மணி நேரம் மூடியே இருந்தால் காற்றின் ஈரம் டப்பாவின் வெளிப்புறத்தில் முத்து முத்தாகப் படியும். திறந்துவிட்டால் அதே ஈரம் உருண்டையின் மேல் படிந்து, சர்க்கரைக் கண்ணின் கறுப்பு கன்னத்தில் வழியும். அழுகிற மம்மி வேண்டுமென்றால் திறக்கலாம். கிரீம் சீஸ் இருப்பதால் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம், தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள்.

குழந்தைகள் வரும் பார்ட்டி என்றால் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சீட்டு: கோதுமை, பால், சோயா உண்டு என்று. பிஸ்கட்டிலும் சாக்லேட்டிலும் பருப்பு வகைகள் பற்றி என்ன அச்சிட்டிருக்கிறது என்று பார்த்து அதையும் எழுதுங்கள். அமெரிக்காவில் 2014 முதல் ஃபுட் அலர்ஜி ரிசர்ச் அண்ட் எஜுகேஷன் என்ற அமைப்பு, நீலப்பச்சை நிறம் பூசிய பூசணிக்காயை வாசலில் வைக்கும் வழக்கத்தைப் பரப்பி வருகிறது. அது இருந்தால், ஹாலோவீன் அன்று வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் குழந்தைகளுக்கு அந்த வீட்டில் மிட்டாய்க்குப் பதில் பொம்மை மாதிரி சாப்பிடாத பொருளும் கிடைக்கும் என்று அர்த்தம். இந்த உருண்டை ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கும் அப்படி ஏதாவது எடுத்து வைத்திருந்தால் அது வெறுங்கையோடு நிற்காது. மிகச் சின்னக் குழந்தைகளுக்கு முழு உருண்டையாகக் கொடுக்காமல் நாலாக வெட்டிக் கொடுங்கள், பிரெட்ஸல் காலையும் கெட்டியான சர்க்கரைக் கண்ணையும் எடுத்துவிட்டு.

கடைசியில் கிண்ணத்தில் தூள் விழுந்த சாக்லேட் கொஞ்சம் மிஞ்சும். அதைப் பட்டர் பேப்பரில் மெலிசாகப் பரப்பி, மீதிக் கண்களை மேலே வாரி இறைத்து, இறுகியதும் கையால் உடைத்துத் தட்டின் ஓரத்தில் போடுங்கள்.