‘நம்மை ஏமாற்றிவிட்டார்கள்’: உலகக் கோப்பைச் சர்ச்சையை எடைபோடும் முறை

கால்பந்து உலகக் கோப்பையில் சர்ச்சைக்குரிய ஒரு முடிவால் தம் நாட்டு அணி வெளியேறும்போது, ரசிகரின் வாயில் முதலில் வருவது ‘அநியாயம்’ என்ற சொல்தான். பல நேரங்களில் அந்தச் சொல் பொருத்தமானதாகவும் இருக்கும். ஆனால் அந்த அநியாயத்தைச் செய்தது நடுவரா, விதியா, எதிரணியா, அல்லது நம் அணி தனக்குத் தானே தேடிக்கொண்டதா என்று பிரித்துப் பார்க்காவிட்டால், கோபம் எளிதில் அகப்படுகிற ஒருவருடைய தலையில் போய் விழுகிறது. பெரும்பாலும் அவர் பெனால்டியைத் தவறவிட்ட ஆட்டக்காரராக இருக்கிறார். புகாரைச் சேரவேண்டிய இடத்தில் சேர்ப்பதற்கான வழிமுறையே கீழே சொல்லப்படுகிறது. நாட்டுப்பற்றைக் கைவிடும்படி இது யாரையும் கேட்கவில்லை.

முதலில் நிமிடத்தையும் கோல் நிலவரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்

வாதத்தில் இறங்குவதற்கு முன், சர்ச்சைக்குரிய நிகழ்வு எத்தனையாவது நிமிடத்தில் நடந்தது, அப்போது கோல் நிலவரம் என்ன, அதன் பிறகு என்னென்ன நடந்தன என்ற மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். தோல்வியின் வலியில் இந்த வரிசை மனத்தில் குழம்பிவிடும். 1986 ஜூன் 22 அன்று மெக்சிகோ நகரில் நடந்த காலிறுதியில் அர்ஜென்டினாவின் மரடோனா கையால் தட்டிய பந்து கோலானது 51ஆவது நிமிடத்தில். நான்கு நிமிடங்களில் அவரே பாதி மைதானத்தைக் கடந்து ஓடி, இங்கிலாந்து வீரர்களை ஒருவர் பின் ஒருவராகத் தாண்டி இரண்டாவது கோலை அடித்தார். 81ஆவது நிமிடத்தில் லினேக்கர் ஒரு கோலைத் திருப்ப, ஆட்டம் 2–1 என்று முடிந்தது. முதல் கோல் செல்லக்கூடாத கோல் என்பதில் ஐயமில்லை. அதை நீக்கிவிட்டால் கணக்கு 1–1 என்று ஆகும் என்பதும் உண்மை. ஆனால், அந்தக் கோல் ஏற்கப்பட்ட பிறகும் இங்கிலாந்துக்கு ஏறக்குறைய நாற்பது நிமிடங்கள் மீதமிருந்தன என்பதும் தாளில் இருக்க வேண்டிய குறிப்பே.

இந்த ஆட்டத்தில் இன்னொன்றையும் கவனிக்கலாம். நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் இவ்விரு நாடுகளும் பாக்லாந்துத் தீவுகளுக்காகப் போரிட்டிருந்தன. அந்தப் போரில் தோற்ற நாட்டினர் பலருக்கு அந்தக் கை விளையாட்டுக் குற்றமாகவே தோன்றவில்லை. வென்ற நாட்டினருக்கோ அது இன்றுவரை திருட்டு. ஆகவே உங்கள் நாட்டின் புகாரில் எவ்வளவு பங்கு ஆட்டத்தைப் பற்றியது, எவ்வளவு பங்கு ஆட்டத்திற்கு வெளியே உள்ள வரலாற்றைப் பற்றியது என்பதையும் அதே தாளில் தனியாகக் குறித்துக்கொள்வது நல்லது. இரண்டாவது பங்கை எந்த நடுவராலும் தீர்த்துவைக்க முடியாது.

படத்தை எந்தக் கோணத்தில் பார்க்கிறீர்கள்?

சமூக வலைத்தளங்களில் பரவும் ஒரு நிழற்படம், பெரும்பாலும், புகாருக்குச் சாதகமான கோணத்திலிருந்து எடுக்கப்பட்டதாகவே இருக்கும். 2022 டிசம்பர் 1 அன்று கத்தாரில் ஸ்பெயினை எதிர்த்து ஜப்பான் அடித்த இரண்டாவது கோல் இதற்குச் சரியான பாடம். மிட்டோமா கோட்டோரத்தில் பந்தைத் திருப்பி அனுப்ப, தனாக்கா அதை வலைக்குள் தள்ளினார். பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தில் பந்துக்கும் கோட்டுக்கும் இடையே பச்சைப் புல் தெளிவாகத் தெரிந்தது. பந்து வெளியே போய்விட்டது என்று உலகமே சொன்னது. ஆனால் விதி சொல்வது, முழுப் பந்தும் முழுக் கோட்டையும் தாண்டியிருக்க வேண்டும் என்பதே. பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர். அப்படியானால் அதன் ஆரம் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர். பந்து தரையைத் தொடும் புள்ளி கோட்டின் வெளிவிளிம்பிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளி இருந்தாலும், பந்தின் வயிற்றுப் பகுதி கோட்டின்மேல் துருத்திக்கொண்டுதான் இருக்கும். நேர் மேலிருந்தோ கோட்டின் நேர்க்கோட்டிலிருந்தோ பார்த்தால் மட்டுமே அது தெரியும். காணொளியைப் பார்த்து நடுவருக்கு உதவும் விஏஆர் குழு சோதித்துக் கோலை உறுதி செய்தது. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவும் பின்னர் அந்தக் கோணங்களை வெளியிட்டது. அதே இரவில் கோஸ்டாரிக்காவை 4–2 என்று வென்றும், ஜப்பானின் வெற்றியால் வெளியேறிய ஜெர்மனியின் ரசிகர்களுக்கு இந்த விளக்கம் ஆறுதலாக இருந்திருக்காது. ஆனாலும் முடிவு சரியே.

எனவே ஆஃப்சைடு, கோட்டைத் தாண்டிய பந்து ஆகிய இரண்டிலும், கோட்டுக்கு நேராக அமையாத எந்தப் படத்தையும் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பந்தைக் கையால் தொட்டது பற்றிய புகார்களில் மெதுவாக ஓட்டிக் காட்டப்படும் காட்சியை நம்பாதீர்கள். மெதுவாக ஓட்டினால் எந்தக் கையசைவும் வேண்டுமென்றே செய்ததைப் போலத் தோன்றும்.

புகாரின் வகையைத் தீர்மானியுங்கள்

முக்கியமான கட்டம் இதுவே. எல்லாச் சர்ச்சைகளையும் ‘மோசடி’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடக்கூடாது.

நடுவர் கண்ணால் பார்த்து எடுக்கும் முடிவு தவறாகப் போவது ஒரு வகை. கோல் ஆனதா இல்லையா என்பது உட்பட, ஆட்டம் தொடர்பான நிகழ்வுகளில் நடுவரின் முடிவே இறுதியானது என்று விதிப்புத்தகம் சொல்கிறது. அதனால் இவ்வகைப் புகாருக்கு மறு ஆட்டம் கிடைக்காது. 2009 நவம்பரில் பாரிஸில் நடந்த தகுதிச் சுற்று ஆட்டத்தில் பிரான்ஸின் தியரி ஆன்றி பந்தைக் கையால் அடக்கிக் கொடுத்து, அதிலிருந்து விழுந்த கோலால் அயர்லாந்து உலகக் கோப்பை வாய்ப்பை இழந்தது. மறு ஆட்டம் கேட்ட அயர்லாந்தின் கோரிக்கையை ஃபிஃபா நிராகரித்தது.

விதியையே தவறாகப் பயன்படுத்துவது வேறு வகை. 2005 செப்டம்பரில் தாஷ்கண்டில் நடந்த தகுதிச் சுற்று ஆட்டத்தில் பஹ்ரைனை எதிர்த்து 1–0 என்று முன்னிலையில் இருந்த உஸ்பெகிஸ்தானுக்குப் பெனால்டி கிடைத்தது. பந்து வலைக்குள்ளும் போனது. ஆனால் உதைக்கும் முன்பே உஸ்பெக் வீரர் ஒருவர் பெனால்டி பகுதிக்குள் நுழைந்துவிட்டார். விதிப்படி அந்தப் பெனால்டியை மீண்டும் உதைக்கச் சொல்லியிருக்க வேண்டும். நடுவரோ பஹ்ரைனுக்கு ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார். கண்ணால் கண்டதில் பிழையில்லை, விதியைப் பயன்படுத்தியதில்தான் பிழை என்பதால் ஆட்டத்தை மீண்டும் நடத்த ஃபிஃபா உத்தரவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், 1–0 என்று வென்றும் புகார் கொடுத்தது உஸ்பெகிஸ்தான்தான். வெற்றியை 3–0 ஆக்கித் தரும்படி கேட்டது. மறு ஆட்டம் 1–1 என்று முடிய, அடுத்த ஆட்டம் கோலின்றிச் சமனாக, வெளி மைதானத்தில் அடித்த கோலின் பலத்தில் பஹ்ரைன் முன்னேறியது. புகார் கொடுக்கும் முன் என்ன கிடைக்கக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வகை, விதி மீறப்படாமலேயே நடக்கும் அநியாயம். 1982இல் மேற்கு ஜெர்மனியை 2–1 என்று வீழ்த்திய அல்ஜீரியா, தன் கடைசி லீக் ஆட்டத்தை ஒரு நாள் முன்பாகவே முடித்துவிட்டது. ஆகவே ஜூன் 25 அன்று ஹிஹோன் நகரில் சந்தித்த மேற்கு ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும், எந்த முடிவு வந்தால் அல்ஜீரியா வெளியேற, தாங்கள் இருவருமே முன்னேறலாம் என்பது தெரிந்திருந்தது. தொடக்கத்திலேயே ஜெர்மனி ஒரு கோல் அடித்தது. அதன் பிறகு இரு அணிகளும் பந்தை அங்குமிங்கும் தட்டிக்கொண்டு நேரத்தைக் கழித்தன. அல்ஜீரிய ரசிகர்கள் பணத்தாள்களை ஆட்டிக் காட்டிச் சினத்தை வெளிப்படுத்தினர். மீறப்பட்ட விதி எதுவும் இல்லாததால் முடிவு மாறவில்லை. ஆனால் 1986 முதல் ஒவ்வொரு பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடத்தப்படுகின்றன.

நான்காவது வகைதான் மனத்தை மிகவும் அறுப்பது: விதி மீறப்பட்டது, தண்டனையும் முழுமையாகக் கொடுக்கப்பட்டது, ஆனாலும் குற்றம் செய்தவரே வென்றார். 2010 ஜூலை 2 அன்று ஜோகன்னஸ்பர்கில் கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில், வலைக்குள் போய்க்கொண்டிருந்த கானாவின் பந்தை உருகுவேயின் சுவாரஸ் கோல் கோட்டின்மேல் நின்று கையால் தடுத்தார். சிவப்பு அட்டையும் பெனால்டியும் உடனே வந்தன. நடுவர் எதையும் தவறவிடவில்லை. கியான் உதைத்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டு மேலே போயிற்று; பெனால்டி ஷூட்அவுட்டில் உருகுவே 4–2 என்று வென்றது. அரையிறுதியை எட்டும் முதல் ஆப்பிரிக்க அணி என்ற பெருமைக்காக ஒரு கண்டமே காத்திருந்த இரவு அது. பிறகு 2022இல் மொராக்கோதான் அந்த இடத்தை அடைந்தது. இங்கே நடுவரைத் திட்டுவதில் பொருளில்லை. கோல் கோட்டில் கையால் தடுத்தால் கோலாகவே வழங்கலாமா என்று விதியை நோக்கிக் கேட்பதே நேர்மையான வாதம். அந்த விதி இன்னும் மாறவில்லை. என்னைக் கேட்டால் மாற்றலாம் என்பேன்.

விஏஆர் ஏன் தலையிடவில்லை என்ற கேள்விக்கும் வகைப் பிரிப்பிலேயே பெரும்பாலும் விடை இருக்கும். 2018, 2022 உலகக் கோப்பைகளில் கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை காட்டுவது ஆகிய நான்கில் மட்டுமே அது தலையிடலாம். அங்கும் தவறு தெளிவாகவும் வெளிப்படையாகவும் இருக்க வேண்டும்.

சட்டையை மாற்றிப் பாருங்கள்

இதே முடிவு நம் அணிக்குச் சாதகமாக வந்திருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2022 இறுதிப் போட்டியில் மெஸ்ஸி அடித்த இரண்டாவது கோலின்போது அர்ஜென்டினாவின் மாற்று வீரர்கள் சிலர் மைதானத்திற்குள் வந்துவிட்டார்கள் என்று பிரான்ஸில் பெரும் கூச்சல் எழுந்தது. போலந்து நாட்டு நடுவர் மார்சினியாக் தம் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார்: எம்பாப்பே கோல் அடித்தபோது பிரான்ஸின் மாற்று வீரர்கள் ஏழு பேர் உள்ளே நின்றுகொண்டிருந்தார்கள். கூச்சல் அதோடு தணிந்தது.

சதி நடந்தது என்று சொல்வதற்கு இதைவிடக் கடுமையான சோதனை தேவை. 2002இல் தென்கொரியாவிடம் இத்தாலியும் ஸ்பெயினும் அடுத்தடுத்துத் தோற்றன. ஸ்பெயினின் இரண்டு கோல்கள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றில், ஹோவாக்கின் திருப்பிய பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே போகவே இல்லை என்பது மறுஒளிபரப்பில் தெரிந்தது. முடிவுகள் மோசமானவை, போட்டியை நடத்திய நாட்டுக்கு அவை உதவின. இவை இரண்டும் உண்மை. ஆனால் விலைக்கு வாங்கப்பட்டார்கள் என்பதை நிறுவ இவை போதா. இத்தாலி ஆட்டத்தின் நடுவர் பல ஆண்டுகள் கழித்துப் போதைப்பொருள் வழக்கில் சிறை சென்றதைச் சிலர் ஆதாரமாகக் காட்டுவார்கள். அந்த வழக்குக்கும் இந்த ஆட்டத்திற்கும் தொடர்பில்லை.

தனி ஒருவர்மேல் பழி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

1994 இறுதிப் போட்டியின் ஷூட்அவுட்டில் ராபர்ட்டோ பாஜ்ஜியோ பந்தைக் கம்பத்துக்கு மேலே உதைத்ததால்தான் இத்தாலி தோற்றது என்றே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவருக்கு முன்பே பரேசியும் மஸாரோவும் தவறவிட்டிருந்தார்கள். பாஜ்ஜியோ கோல் அடித்திருந்தாலும் கணக்கு 3–3தான் ஆகியிருக்கும். பிரேசிலுக்கு இன்னும் ஓர் உதை பாக்கி இருந்தது. நாக் அவுட் சுற்றுகளில் ஐந்து கோல்கள் அடித்து இத்தாலியை இறுதிப் போட்டி வரை கொண்டுவந்தவரும் அவரே.

1950இல் சமன் செய்தாலே கோப்பை என்ற நிலையில் பிரேசில் மரக்கானா மைதானத்தில் உருகுவேயிடம் 2–1 என்று தோற்றபோது, கோல்கீப்பர் பார்போசா 2000இல் இறக்கும்வரை அந்தப் பழியைச் சுமந்தார். அன்று அணிந்திருந்த வெள்ளைச் சட்டையையே ராசியில்லை என்று ஒதுக்கிவிட்டு, பிரேசில் மஞ்சளுக்கு மாறியது. கொலம்பியாவின் ஆந்த்ரேஸ் எஸ்கோபார் 1994 ஜூன் 22 அன்று அமெரிக்காவுடனான ஆட்டத்தில் சேம்சைடு கோல் போட்டார். பத்து நாள்களில் மெடஜின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 27. ஓர் ஆட்டக்காரரின் பெயரோடு ‘துரோகி’ என்று எழுதத் தோன்றினால், கைபேசியை அன்று இரவு கீழே வைத்துவிடுவது உத்தமம்.

புகாரை எங்கே கொண்டுபோவது?

நிலைத்து நின்ற புகார்களில் பெரும்பாலானவை முடிவை மாற்றும்படி கேட்பதை விட்டு, முறையை மாற்றும்படி கேட்டவை. 2010இல் ஜெர்மனிக்கு எதிராக லாம்பார்ட் உதைத்த பந்து கம்பத்தில் பட்டு, கோட்டுக்கு உள்ளே நன்றாக விழுந்து எழும்பியது, கோல் கொடுக்கப்படவில்லை. இங்கிலாந்து 4–1 என்று தோற்றதால், அது ஒன்றே தோல்விக்குக் காரணம் என்று யாரும் சாதிக்க முடியாது. ஆனாலும் ஃபிஃபா தலைவர் பிளாட்டர் வருத்தம் தெரிவித்தார்; 2012இல் கோல் கோட்டுத் தொழில்நுட்பத்திற்கு அனுமதி கிடைத்தது; 2014 உலகக் கோப்பையில் அது வந்துவிட்டது. ஓர் ஓட்டையை அடைத்தால் வேறோர் ஓட்டை திறக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்: 2018இல் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடந்தும், போலந்திடம் தோற்றுக்கொண்டிருந்த ஜப்பான் பந்தைப் பின்னுக்கே தட்டி நேரம் கடத்தி, மற்றக் கணக்குகள் சமமாக இருக்க, ஆறு மஞ்சள் அட்டை வாங்கிய செனகலை, தான் நான்கே அட்டை வாங்கியிருந்த கணக்கில் முந்திச் சென்றது.

அடுத்த போட்டியில் பழிதீர்ப்போம் என்று காத்திருப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். 2022 டிசம்பர் 2 அன்று கானாவுக்கு உருகுவேயே எதிரணியாக வந்தது. கானாவுக்கு மறுபடியும் பெனால்டி கிடைத்தது, மறுபடியும் வீணாயிற்று. 0–2 என்று தோற்று வெளியேறினார்கள். ஆனால் இன்னொரு மைதானத்தில் தென்கொரியா போர்ச்சுகலை வென்றுவிட்டதால், அடித்த கோல்களின் எண்ணிக்கையில் பின்தங்கி உருகுவேயும் வெளியேறியது. தங்களுக்குப் பெனால்டி மறுக்கப்பட்டது என்று உருகுவே வீரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். கவானி உள்ளே போகும் வழியில் விஏஆர் திரையைத் தள்ளிக் கீழே சாய்த்துவிட்டுப் போனார்.