ஷோத்கங்காவில் தமிழ் ஆய்வேடு தேடுகிறீர்களா?

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஆய்வேடு ஒன்றைப் பார்க்க நாகமலைப் பக்கம் பஸ் ஏறும் முன், ஷோத்கங்காவில் ஒருமுறை தேடிவிடுங்கள். காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் மையம் இணையத்தில் நடத்தும் இலவச ஆய்வேட்டுக் களஞ்சியம் அது. தமிழ் ஆய்வேடுகளின் தலைப்பு சில இடங்களில் தமிழிலும், சில இடங்களில் ஆங்கில எழுத்திலும் பதிவாகியிருக்கும். இரண்டு விதமாகவும் தேடிப் பாருங்கள்.

இயல்கள் தனித்தனி பிடிஎஃப்களாக இருக்கும். எல்லாவற்றையும் இறக்கி இடத்தை அடைக்காமல், முதலில் துணைநூற்பட்டியலைத் திறந்து பாருங்கள். நமக்கு உதவுமா உதவாதா என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

ஒரே தொல்லை பழைய எழுத்துருக்கள்தான். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல்லை நகலெடுத்து ஒட்டினால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வந்து நிற்கும்! கவலை வேண்டாம். தேவையான பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கணினி வழியாகக் கூகுள் டிரைவில் ஏற்றுங்கள். அப்புறம் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, கூகுள் டாக்ஸில் திறந்தால் படத்துக்குக் கீழே யூனிகோடு எழுத்தாகவே வந்துவிடும். ‘ர’வும் துணைக்காலும் அங்கங்கே இடம் மாறியிருக்கும், மேற்கோளாக எடுக்குமுன் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.