8 ஜிபி மடிக்கணினியில் 80 ஜிபி படம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்பு) வீட்டுக்கு, செமஸ்டர் விடுமுறையில் பிள்ளைகள் ஹார்ட் டிஸ்க்கோடு வருவார்கள். "அக்கா, மைக்ரோஸ்கோப் படம் திறக்கவே மாட்டேங்குது" என்பார்கள். மடிக்கணினிமேல் குற்றமில்லை. 2048-க்கு 2048 புள்ளி, 16 பிட் என்றால் ஒரு படமே சுமார் 8 எம்பி. மீன் கரு ஒன்றை 1000 அடுக்காக எடுத்தால் 8 ஜிபி. அதையே பத்து முறை எடுத்தால் 80 ஜிபி.

தோட்டத்து ஆபீசில் முழுத் தோட்டமும் ஒரே தாளில் தொங்கும். அதில் தனி மரம் தெரியாது. ஒரு நெரையை, அதாவது மர வரிசையை, பார்க்க வேண்டுமென்றால் கிராணி (தோட்டத்து எழுத்தர்) அந்த நெரைக்கு மட்டும் போவார். பெரிய படங்களைப் பார்க்க உதவும் பிக்டேட்டாவியூவர் என்ற மென்பொருளும் அப்படித்தான். படத்தைப் பெரிதும் சிறிதுமாகப் பல பிரதிகளாக்கி, துண்டு துண்டாக வட்டில் வைத்துக்கொள்ளும். திரைக்குத் தேவையான துண்டை மட்டும் எடுக்கும்.

அது ஃபிஜி என்ற பட ஆய்வு மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. முதலில் ஃபிஜியை இறக்கி, ஜிப்பைப் பிரித்துத் திறங்கள். இலவசம். வேய்ன் ராஸ்பேண்ட் எழுதிய இமேஜ்ஜே என்ற மென்பொருள்தான் இதன் அடித்தளம்.

பெரிய படத்தில் உடனே கை வைக்க வேண்டாம். ஃபைல், ஓபன் சாம்பிள்ஸ், மைட்டோசிஸ் என்று போங்கள். ஒரு செல் இரண்டாகப் பிரிவதை 51 நேரப்புள்ளிகளில் காட்டும் படம் வரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத படம் அது.

அப்புறம் பிளக்இன்ஸ், பிக்டேட்டாவியூவர், அதில் எக்ஸ்எம்எல்/எச்டிஎஃப்5 ஆக எக்ஸ்போர்ட். அமைப்புகளை மாற்றாதீர்கள். இரண்டு கோப்புகள் வரும்: பெரியதில் படம், சின்னதில் அதன் விவரம். பிரிக்காமல் ஒரே ஃபோல்டரில் வையுங்கள்.

உங்கள் சொந்தப் படம் என்றால் ஃபைல், இம்போர்ட், பயோ-ஃபார்மட்ஸ் வழியாகத் திறந்து, இதேபோல் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். திறக்கும்போது "யூஸ் வெர்ச்சுவல் ஸ்டாக்" கட்டத்தைக் கட்டாயம் டிக் செய்யுங்கள். மறந்தால் முழுப் படமும் நினைவகத்துக்குள் ஏறப் பார்க்கும், கணினி நின்றுவிடும்.

சரி, இப்போது பிக்டேட்டாவியூவர் மெனுவில் எக்ஸ்எம்எல் கோப்பை, அதாவது அந்தச் சின்னக் கோப்பை, திறங்கள். மவுஸின் இடது பொத்தானைப் பிடித்து இழுத்தால் படம் சுழலும். சக்கரத்தை உருட்டினால் அடுக்கு மாறும். 'என்', 'எம்' விசைகள் நேரத்தை நகர்த்தும். 'எஸ்' வெளிச்சத்துக்கு.

இந்த வெளிச்சம் கண்ணுக்கு மட்டும். அளவெடுப்பது எப்போதும் மூல எண்களில்தான், அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும் பதிவான ஒளி அளவில். ஃபிஜியின் பிரைட்னஸ் பெட்டியில் இருக்கும் 'அப்ளை'யை அழுத்தாதீர்கள், அது எண்களையே மாற்றிவிடும். ஒருமுறை நான் அழுத்திச் சேமித்தும் விட்டேன். ஒரு வார எண்ணிக்கையை மறுபடி முதலிலிருந்து செய்தேன்.

படத்தில் உள்ள பொருள்களை எண்ணுவதற்கு ஒரு சிறு பகுதியை மட்டும் டூப்ளிகேட் செய்து எடுங்கள். இமேஜ், பிராப்பர்ட்டீஸில் ஒரு புள்ளி எத்தனை மைக்ரான் என்று சரிபாருங்கள். பிறகு அனலைஸ் மெனுவில் 3டி ஆப்ஜெக்ட்ஸ் கவுன்டர். அதில் வைக்கும் திரெஷோல்டை (எந்த ஒளி அளவுக்கு மேல் பொருள் என்று கணக்கிடுவது என்ற எண்ணை) எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிடப்போகும் படங்கள் ஒரே அமைப்பில் எடுக்கப்பட்டவை என்றால், எல்லாவற்றுக்கும் அதே எண்தான்.